மோனிகாவைப் பூவாடைக்கு அழைத்தது

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு உயிரோடு இருப்பவர்களுக்கு இல்லை. அந்த வீட்டில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் யாராவது இருந்தால் அவளுக்குத்தான். அவளைப் பூவாடைக்காரி என்போம். தண்ணீர்க் கரையிலிருந்து ஒரு செம்பில் அவளை அழைத்து வந்து, புதுத்துணி வைத்து, அவளுக்குப் பிடித்ததைப் படைத்து, 'நீ முன்னால நின்னு நடத்திக் குடு தாயே' என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். நாகலாபுரத்திலும் இதுதான், மாநில எல்லை தாண்டித் தமிழ்ப் பக்கத்து ஊத்துக்கோட்டையிலும் இதுதான். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் செய்யாமல் விட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

துலுக்காணம் வீட்டில்தான் அந்தச் சிக்கல் வந்தது. மகன் ஹரிபாபுவுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பெண் யாமினி, அவனோடு அதே கம்பெனியில் வேலை செய்கிறவள், புத்தூர்க்காரி. இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகப் போய் வந்து, பேசிப் பழகி, வீட்டில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சாதியை விசாரித்தார்கள். அது ஒத்துப்போனது. மாட்டிக்கொண்டது வேறிடத்தில். யாமினியின் அப்பா கேசவன் போலீசில் ஏட்டு. ஹரிபாபுவின் தங்கை மோனிகா செத்தது போலீஸ் அடித்து.

இது ஊருக்கே தெரிந்த விஷயம். துலுக்காணத்தின் அப்பா காலத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கையகல நிலம் கிடையாது. பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டிப் பிழைத்தவர்கள். பிறகு சர்க்கார் கொடுத்த மேட்டு நிலத்தில் கல்லைப் பொறுக்கி, போர் போட்டு, வேர்க்கடலை போட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவிலிருந்து திருப்பதிக்குப் போய் டிகிரி படித்த முதல் பெண் மோனிகாதான். இரண்டாம் வருஷம் படிக்கும்போது சர்க்கார் கட்ட வேண்டிய ஃபீஸ் பணம் வரவில்லை. பணம் வராவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். லத்தி அடி விழுந்தது. மோனிகா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டாள். கூட்ட நெரிசலில் கீழே விழுந்து அடிபட்டாள் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். அதை எதிர்த்து அம்மா சென்னம்மா போட்ட கேஸ் நாலு வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆவணியில் முகூர்த்தம். ஆடிக் கடைசியில் இரண்டு தூறல் விழுந்து, கடலைக்கொல்லையில் களை மண்டிக் கிடந்தது. சென்னம்மாவும் துலுக்காணமும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் குந்திக் களை கொத்திக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு ஆள் வைக்கலாம்தான். ஆனால் இந்தக் காலத்துக் களைக்கொத்துக்காரிகள் புல்லை விட்டுவிட்டுக் கடலையைப் பிடுங்குகிறார்கள் என்று சென்னம்மாவுக்குக் கோபம். அது நிஜமும்கூட.

"மே, சென்னா," என்றார் துலுக்காணம். "நாளு கிட்ட வந்துட்ச்சி. நீ பாட்டுக்கு வாய மூடிக்கினு கீற."

"நா இன்னா சொல்லணும்?"

"பூவாடைக்கு ஒரு வெள்ளிக்கெழம சொல்லு. பம்பை அடிக்க முனிரத்தினத்துக்கு இப்பவே சொல்லி வெக்கணும். ஆவணி பொறந்துட்டா அந்தாளு கைல சிக்க மாட்டான்."

"கல்யாணத்த பண்ணு. பூவாடை வோணாம்."

"இன்னா மே பேசற? பூவாடை அழைக்காம கல்யாணமா?"

சென்னம்மா ஒரு கோரையை வேரோடு தோண்டி எடுத்து, மண்ணை உதறி வரப்பில் போட்டாள். அதற்கப்புறம்தான் பேசினாள்.

"அம்மை வந்து போனவ சாமி. கெணத்துல தவறி வுழுந்தவ சாமி. பாம்பு கடிச்சவ சாமி. அடிச்சிக் கொன்னவள எப்பிடிய்யா சாமின்றது? இன்னிக்கிப் படையல் போட்டுக் கும்புட்டுட்டன்னா, நாளிக்கு ஊரு இன்னா சொல்லும்? பொண்ணே வூட்டு சாமியா அடங்கி ஒக்காந்துட்டா, இவளுக்கு இன்னாத்துக்கு கேஸு, இவளுக்கு இன்னாத்துக்கு கோர்ட்டுன்னு சொல்லும். எம்பொண்ணு அடங்கல. அடங்கவும் வோணாம்."

"கேஸு வேற, சாமி வேற மே."

"ஒனக்கு வேற. எனக்கு ரெண்டும் ஒன்னுதான்."

துலுக்காணம் தலையாட்டிவிட்டார். அவர் சுபாவம் அது. எதிரே நிற்கிறவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கயிற்றுக்கட்டிலில் முகத்தைத் துண்டால் மூடிப் படுத்துக்கொள்வார். மோனிகா போன அன்றைக்கும் அப்படித்தான் படுத்தார். பிணத்தை வாங்கப் போனது, கையெழுத்துப் போட்டது, வக்கீலைத் தேடியது எல்லாம் சென்னம்மா.

ஹரிபாபு அன்று ஷிஃப்ட் முடிந்து வந்து, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றான். தின்றுகொண்டே சொன்னான்.

"மா, மூணாவது முடிச்சு போடறதுக்கு சித்தப்பா பொண்ண கேட்டுக்கிறாங்களாம்."

"கேக்கட்டும். நாத்தனாருன்னு ஒருத்தி நின்னு போடணும் இல்ல?"

"அது மோனி போட வேண்டியது."

சென்னம்மா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் பூவாடைக்கி பயந்துக்கினு சொல்லல மா. எனக்கு அதெல்லாம் ஒன்னுமில்ல. ஆனா அவ செய்ய வேண்டியத இன்னொருத்தி செய்யப் போறா. அவள ஒரு தபா கூப்ட்டு, இப்பிடி பண்றோம், கோச்சிக்காதன்னு கேட்டுட்டாவது செய்யலாம் இல்ல? அவ இல்லாத மாதிரியே எப்பிடி மா பண்ணிக்கிறது?"

இப்படிக் கேட்டால் எந்த அம்மா முடியாது என்பாள்? சென்னம்மா திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தபடி, "வெள்ளிக்கெழம சொல்லச் சொல்லு உங்க நைனாவ," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். கேசவனும் அவர் மனைவி பத்மினியும். ஆள் கெட்டவர் இல்லை. முறுக்கின மீசை, காக்கி இல்லாவிட்டாலும் காக்கி போட்ட மாதிரியே விறைத்த நடை. ஆனால் பேச்சு தணிந்த பேச்சு. பாதி தெலுங்கு, பாதி தமிழ். மோர் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, ஒரு விஷயம் செப்பணும். தப்பா நெனைக்கக் கூடாது," என்றார் துலுக்காணத்தைப் பார்த்து.

"செப்பண்டி."

"பூவாடை பண்றது பண்ணுங்க. எங்க வூட்லயும் பண்றதுதான். ஆனா பம்பைக்காரரு வர்ணிப்பு பாடுவாரு இல்லையா? பொறந்தது, வளந்தது, போனது எல்லாம் பாடுவாரு. அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க. எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்க சொந்தத்துல நாலு பேரு வருவாங்க. எவனாவது செல்லுல வீடியோ எடுத்து போட்டுட்டான்னா, எஸ்.ஐ. கூப்ட்டு கேப்பாரு. நீ போய் ஒக்காந்திருந்தியான்னு கேப்பாரு. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கீது."

துலுக்காணம் தலையாட்டினார். "அதுக்கின்னா சம்பந்தி. கீழ வுழுந்து போச்சுன்னு பாடச் சொல்லிட்றேன்."

உள்ளே நிலைப்படிக்குப் பக்கத்தில் சென்னம்மா நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. பத்மினி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வதினா, பொண்ணு ஆசப்பட்டுட்ச்சி. அதுக்கோசரம்," என்று தெலுங்கில் அண்ணி முறை வைத்துச் சொன்னாள். சென்னம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போன பிறகு தெருவில் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்: சென்னம்மா வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுவிடும். திறக்காவிட்டால் நாலு வருஷம் கோர்ட்டுப் படியேறியதை அவளே பொய்யாக்கினது போல ஆகிவிடும். பாவம், அவள் என்ன செய்வாள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். சொல்வதற்கு நமக்கென்ன?

வெள்ளிக்கிழமை காலையில் பூவாடை. ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதால் துலுக்காணத்தின் போர் மோட்டார்த் தொட்டியிலிருந்துதான் செம்பு எடுப்பது என்று முடிவு. மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை. பம்பைக்காரர் முனிரத்தினம், மாலையும் கையுமாக நாங்கள், எல்லோரும் கொல்லை மேட்டில் கரண்டுக்குக் காத்து நின்றோம். "லைன்மேன பூவாடை அழைச்சாத்தான் நம்ம பூவாடை வருவா போல கீதே," என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கரண்ட் வந்தது. மோட்டார் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. செம்பை நிரப்பி, மஞ்சள் பூசி, வேப்பிலை சொருகி, மல்லியும் கதம்பமும் சுற்றி, சித்தப்பா மகள் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நடுவீட்டில் சாணம் மெழுகி, தலைவாழை இலையில் படையல். பொங்கல், கொழுக்கட்டை, துள்ளுமாவு, கேழ்வரகு அடை. நடுவில் ஒரு தட்டில் முட்டை பப்ஸ். மோனிகா திருப்பதியிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வாங்கித் தின்றுகொண்டே வருவாள். அதற்காக ஹரிபாபு காலையிலேயே நாகலாபுரம் பேக்கரிக்குப் போய் வாங்கி வந்திருந்தான். புதுத்துணி என்று சென்னம்மா வைத்தது பச்சை நிறச் சுடிதார். "சாமிக்கி சுடிதாரா?" என்று ஒரு பெரியம்மா முனகினாள்.

"அவ பொடவ கட்டனதே இல்ல. கட்டாதத குடுத்து எப்பிடி கூப்புட்றது?" என்று சென்னம்மா சொன்னாள்.

யாமினி வரக்கூடாது, அது முறை. கேசவனும் பத்மினியும் வந்திருந்தார்கள், கூடச் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். கேசவன் வாசல் பந்தலில் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி கட்டியிருந்தார். அது அவருக்குப் பொருந்தவில்லை.

முனிரத்தினம் பம்பையைத் தட்டி வர்ணிப்பை ஆரம்பித்தார். மோனிகா பிறந்த மழைக்காலம், தொட்டில் கட்டின புளியமரம், பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தது, அலிபிரியிலிருந்து திருமலைக்கு அவள் செருப்பில்லாமல் நடந்தது எல்லாம் பாடினார். மனுஷன் அருமையாகப் பாடுவார். எங்கள் பெண்கள் அப்போதே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் எங்கள் வழக்கப்படி பம்பையை நிறுத்திவிட்டு வீட்டாரைக் கேட்டார்.

"எப்பிடிப் போனா எந்தாயி? வூட்டார் வாயால சொல்லுங்க."

"கூட்டத்துல... கீழ வுழுந்து போச்சு," என்றார் துலுக்காணம்.

முனிரத்தினம் அதை வைத்துப் பாடினார். கால் தவறின கன்னியே, கல் தடுக்கின கண்ணே என்று பாடினார். பம்பை ஏறி ஏறி அடித்தது. சாம்பிராணிப் புகை கூரையை முட்டியது. யார் மேலும் அவள் வரவில்லை. வழக்கமாக முதல் அடியிலேயே ஆடிவிடுகிற அத்தைகள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தரம் பாடினார். வரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு துலுக்காணத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நா கேக்கறேன்னு கோச்சிக்காத. சொன்னது சரியா கீதா? மாத்திச் சொன்னா எவளும் வர மாட்டா. நா எத்தினி வூட்ல பாத்துக்கீறன்."

துலுக்காணம் மெழுகிய தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹரிபாபு அவர் பக்கத்தில். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. வாசலில் கேசவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சென்னம்மா அடுப்படியில் குழம்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள் வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. களை கொத்தும்போது பக்கத்து வரிசைக்காரியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"எம்பொண்ணு வுழல. போலீசு லத்தியால அடிச்சி செத்தா. திருப்பதில, நடு ரோட்டுல, பட்டப்பகல்ல. அவ கைல கல்லு இல்ல, கட்ட இல்ல. ஃபீஸ் பணத்தக் குடுங்க, பரீட்ச எழுத வுடுங்கன்னு எழுதன அட்டய புடிச்சிக்கினு நின்னா. முந்தின நாளு எனக்கு போன் பண்ணா. கூட்டத்துக்கெல்லாம் போவாத மோனின்னேன். எல்லாரும் போறாங்கம்மா, நா மட்டும் ரூமுல ஒக்காந்துக்கினா அசிங்கம் இல்லியான்னா. அவகூட நின்ன பொண்ணு பிரித்திகா எங்கிட்ட சொல்ச்சி, ஆன்ட்டி, அடிக்காதீங்க சார்னு மோனி சொல்லிக்கினே இருந்தான்னு. அவள குளிப்பாட்டனது நானு. இந்தக் காதுக்குப் பின்னால, இங்கிருந்து இங்க வரிக்கும் கோடு. வெரல வெச்சா வெரலு உள்ள போவுது. கீழ வுழுந்தா அப்பிடி ஆவாது. இதான் நடந்தது. இத பாடு முனிரத்தினம். வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

ஒரு பையன் செல்லைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் அதை மெதுவாக இறக்கிக்கொண்டான். முனிரத்தினம் வாசலில் கேசவனைப் பார்த்தார், சென்னம்மாவைப் பார்த்தார்.

"பாடட்டுமா?"

"பாடு."

பாடினார். லத்தி என்றே பாடினார், போலீசு என்றே பாடினார். பூசி மெழுகாமல் பாடினார். துலுக்காணத்துக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் பச்சைச் சுடிதாரை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, நாலு வருஷமாகத் துண்டுக்குள் வைத்திருந்ததெல்லாம் வெளியே வர, "ஐயோ எங்கண்ணே" என்று குப்புற விழுந்தார். அது சாமியா அழுகையா என்று எங்களுக்குள் இன்றைக்கும் பேச்சு உண்டு. முனிரத்தினம் சாமி என்று சொல்லி, கற்பூரத்தைக் காட்டி, எல்லோருக்கும் திருநீறு கொடுத்துவிட்டார். ஹரிபாபு அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, பப்ஸைப் பிட்டு அவர் வாயில் ஊட்டினான். படைத்ததைச் சாமி வந்தவர்கள்தான் முதலில் தின்ன வேண்டும்.

பிறகு வாசல் பந்தலில் இலை போட்டார்கள். சம்பந்திக்காரர்கள்தான் முதல் பந்தி. யாரும் உட்காரவில்லை. கூட வந்த சொந்தக்காரர் ஒருவர், "கேசவா, பதாம்," என்று தெலுங்கில் கிளம்பச் சொன்னார். பைக்கை உதைக்கிற சத்தம்கூடக் கேட்டது. பத்மினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள். ஹரிபாபு யாரையும் பார்க்காமல் தண்ணீர் டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டே போனான். அவன் கல்யாணம் நின்றது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

கேசவன் எழுந்தார். பந்தலைத் தாண்டி இரண்டடி போனார். செருப்பை மாட்டினார், நின்றார். என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார்.

சென்னம்மா சோற்றுக் குண்டானோடு வந்தாள். பரிமாறவில்லை. முதலில் பையன்களைப் பார்த்து, "செல்லெல்லாம் ஜோபில வைங்கடா," என்றாள். எல்லாரும் வைக்கிற வரைக்கும் நின்றாள். அப்புறம் கேசவனிடம் திரும்பினாள்.

"சம்பந்தி."

"செப்பண்டி."

"எம்பொண்ணு எப்பிடிச் செத்தா?"

"மே, வுடு மே," என்றார் துலுக்காணம் உள்ளேயிருந்து.

"நீ சும்மா இரு. ஊரக் கேக்கல, ஊருக்குத் தெரியும். கோர்ட்டுக்கும் இத இட்டுக்கினு போவ மாட்டேன். இவரு பொண்ணு நாளிக்கு இந்த வூட்ல வெளக்கேத்தப் போவுது. மோனி படத்துக்கும் சேத்துத்தான் ஏத்தும். அதான் கேக்கறேன். நீங்க சொல்லுங்க, நா சோறு போட்றேன்."

கேசவன் காலி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நான் திருப்பதில இல்லம்மா. புத்தூர்ல டூட்டி."

"தெரியும். அதக் கேக்கல."

தொலைவில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கேசவன் தலையைத் தூக்கினார். ஏட்டு முகம் அதில் இல்லை. மூன்று பெண் பெற்றவரின் முகம்தான் இருந்தது.

"எங்காளுங்க அடிச்சாங்கம்மா," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தரம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்காளுங்க அடிச்சித்தான் பாப்பா செத்துப்போச்சு."

நாலு வருஷமாக எத்தனையோ காக்கிச் சட்டைகள் முன்னால் அவள் நின்றிருக்கிறாள். அதில் ஒருத்தன் வாயிலிருந்தும் அது வந்ததில்லை.

சென்னம்மா குனிந்து சோற்றைப் போட்டாள். பாதி இலைக்கு வெளியே விழுந்தது. பத்மினி ஓடி வந்து குண்டானைப் பிடித்துக்கொண்டாள். சென்னம்மா குழம்பை எடுத்தாள்.

"குழி பண்ணுங்க சம்பந்தி, கொழம்பு ஊத்தறேன். பெசஞ்சி துன்னுங்க," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.